குப்பையில் இருந்த ஐந்து கடிதங்கள்

நோலா சில்காட்டுக்கு அவள் மகள் எழுதிய ஐந்து கடிதங்களை அழித்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி மழையையும் வெங்காய விளைச்சலையும் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

என் பெயர் கிளெனிஸ். டாஸ்மேனியாவின் வடக்குக் கரையில், அல்வர்ஸ்டனில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பேக்கரிக்கு அடுத்த கதவு என் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர். மெல்போர்னில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, புருஷனும் வேண்டாம் நகரமும் வேண்டாம் என்று பிறந்த தீவுக்கே திரும்பி வந்தவள். வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வாய்தான் நீளம். "கிளெனிஸ்கிட்ட மெஷினைக் குடுத்தா திட்டையும் சேத்து வாங்கிட்டு வரணும்" என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அடச் சீ.

2006 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கெல்வின் சில்காட் கடைக்கு ஃபோன் பண்ணினார். நோலாவின் புருஷன். நார்த் மோட்டனில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுகிற மனுஷர். அந்த ஊர் கால்பந்து கிளப்புக்கு இருபது வருஷமாகச் செயலாளர்.

"கிளென், என் மெயிலெல்லாம் போச்சும்மா! திறந்தா 'ஃபைலைக் காணோம்'னு சொல்லுது. காணோம்னா எங்க போகும்? அதுக்குக் கால் இருக்கா?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலை."

ஒண்ணுமே பண்ணலை! இந்தத் தொழிலில் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிற பொய். சரி, வருகிறேன் என்று வண்டியை எடுத்தேன்.

அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சமையலறை மூலையில் இருந்தது. உள்ளே வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் திரை தெரியும். நோலா டீயோடு சாப்பிடுகிற ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது, சின்ன உருவம், குரலும் சின்னது. கெல்வின் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை; அவர் தோளுக்கு மேல் எட்டித்தான் நான் வேலை பார்க்க வேண்டியிருந்தது.

பத்து நிமிஷம் குடைந்ததில் உண்மை வெளியே வந்தது.

"மெஷின் ரொம்ப மெதுவாப் போச்சும்மா. எது எடத்தை அடைச்சுட்டு உக்காந்திருக்குன்னு தேடினேன். ஒரு தடியன் ஃபைல் இருந்துச்சு. பேரும் வாயில நுழையலை. கிறிஸ்துமஸுக்குப் பையன் ஒரு பெட்டி வாங்கிக் குடுத்தான்ல, அதுக்குள்ள தூக்கிப் போட்டுட்டு வயரைப் புடுங்கிட்டேன்."

"இதுக்குப் பேர்தான் ஒண்ணுமே பண்ணலையா?"

"அழிக்கலையேம்மா!"

அந்தத் தடியன்தான் அவர்களுடைய மெயில் மொத்தமும். வந்தது, அனுப்பியது, அழித்தது எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள்தான் இருக்கும். அது இருந்த இடத்தில் இல்லையென்றால் மெயில் ப்ரோகிராமுக்குக் கண்ணே தெரியாது. பெட்டி என்று அவர் சொன்னது வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க்கை; அதை மாட்டி, கோப்பைக் காட்டிக் கொடுத்தேன். அப்போதும் திறக்கவில்லை. அந்தக் காலத்து ப்ரோகிராமுக்கு வயிறு சின்னது, இரண்டு ஜிகாவுக்கு மேல் கொள்ளாது. கெல்வின் கிளப்பில் உள்ள அத்தனை பேருக்கும் ஜோக்கும் படமும் அனுப்பி, அவர்கள் திருப்பி அனுப்பியதையும் சேர்த்து, அதை விளிம்பு வரை நிரப்பியிருந்தார். இழுத்துப் போட்டதில் கோப்பு அடிபட்டும் இருந்தது.

"கடைக்குக் கொண்டு போகணும். திங்கக்கிழமை தரேன்" என்றேன்.

நோலா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எல்லாம் திரும்பி வந்துடுமா?"

"வந்துடும்."

"எல்லாமேவா? அழிச்சதுகூடவா?"

கெல்வின் சிரித்தார். "அழிச்சது எதுக்குடி உனக்கு? வெங்காயத்துக்கு உரம் போடவா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். நோலா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டியில் சாமானை ஏற்றும்போது பின்னாலேயே ஓடிவந்தாள். கால் செருப்பெல்லாம் செம்மண்.

"கண்ணு, எதையும் எடுத்துடாதே. இருக்கற மாதிரியே அப்படியே கொண்டு வந்துடறியா?"

"நோலா, இந்த வேலையை இருவத்தஞ்சு வருஷமாப் பாக்கறேன். உங்க ஸ்கோனுக்கு எவ்வளவு மாவு போடணும்னு நான் வந்து சொல்றேனா?"

ஒரு அடி பின்னால் போனாள். "இல்லம்மா. கோவிச்சுக்காதே. சும்மாதான் சொன்னேன்."

ஏன் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புருஷன் வாசலில் நிற்கும்போது அவள் என்ன சொல்லியிருப்பாள்? ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டும். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியாவது கேட்டிருக்க வேண்டும்.

கடையில் வேலை சுத்தமாக நடந்தது. கைவைப்பதற்கு முன் நகல் எடுப்பது என் சட்டம். மெஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு நகலை ஏழு நாள் வைத்திருப்பேன். எட்டாவது நாள் துடைத்துவிடுவேன். அடுத்தவர் கடிதம் என் மேஜை இழுப்பறையில் கிடக்கக் கூடாது. நகல் எடுத்தேன். பழுது பார்க்கிற ப்ரோகிராமை ஓட்டினேன். அது முக்கி முனகி, கோப்பு மிகப் பெரிது, இளைக்க வைத்துக் கொண்டுவா என்றது. எதைக் கழிப்பது என்று பார்த்தேன். 'அழித்தவை' என்ற பிரிவில் நாலாயிரத்துச் சொச்சம் கிடந்தது. குப்பை! ஒருத்தர் குப்பையை இப்படியா சேர்த்து வைப்பார் என்று திட்டிக்கொண்டே மொத்தமாகக் காலி செய்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் மீட்க ஒரு வழி இருந்தது. காலி செய்தால் பொருள் உடனே போய்விடாது, அதன் இடம்தான் சும்மா விடப்படும். ஆனால் நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே. கோப்பை அழுத்தி இறுக்கிச் சுருக்குகிற வேலையையும் செய்தேன். இரண்டு ஜிகா பாதியாகச் சுருங்கியது. கெல்வினின் பெட்டியில் இருந்த பழைய கோப்பையும், எதற்கு இரட்டையாகக் கிடக்க வேண்டும் என்று, அழித்துக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் பேக்கரியில் போய், சிப்பிக் கறி அடைத்துச் சுடுகிற ஸ்காலப் பை ஒன்று வாங்கி எனக்கு நானே விருந்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய் மாட்டினேன். கெல்வினுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயோ, பறக்குதேம்மா! நோலா, வந்து பாரு, புதுசு மாதிரி ஓடுது!"

நோலா வந்து பார்த்தாள். "நான் கொஞ்சம் உக்காந்து பாக்கட்டுமா?"

"இரு, இரு. மேட்ச் லிஸ்டை அனுப்பிட்டுத் தரேன்."

அவள் அடுப்புப் பக்கம் போய், இருந்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஃபோன் வந்தது. சர்ச்சின் பழைய துணிக் கடையில் புதன்தோறும் அவள் விற்பனைக்கு நிற்பாள், அங்கிருந்து பேசினாள். என் இரண்டு கையும் ஒரு மெஷினுக்குள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"கண்ணு, நோலா பேசறேன். அந்த மெயில்ல சிலது காணோம். எனக்கு வேண்டியது."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"அது வந்து... அழிச்சது போற எடத்துல."

"குப்பையிலயா?"

"ஆமாம்மா."

"வேண்டியதைக் குப்பையிலயா வெச்சீங்க? உங்க கல்யாண மோதிரத்தையும் அங்கதான் வெப்பீங்களா? குப்பை வண்டி அள்ளிட்டுப் போனப்புறம் கவுன்சிலுக்கு ஃபோன் போட்டு, என் மோதிரத்தைக் குடுன்னு கேப்பீங்களா?"

கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது, நன்றாகச் சொன்னோம் என்று.

"அங்க யாராவது இருக்காங்களா?" என்றாள் நோலா.

"அட, நம்ம ஆளுங்கதான்."

"சரிம்மா. ஒண்ணுமில்ல. விடு."

வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் நகல் என் முழங்கைக்குக் கீழே, இழுப்பறையில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். 'என்ன காணோம், எப்ப வந்தது' என்று ஒரு வார்த்தை மரியாதையாகக் கேட்டிருந்தால், அரை மணி நேர வேலை. நான் கேட்கவில்லை. அதற்குப் பதில், குப்பையில் கடிதம் வைத்த பெண்பிள்ளை என்று பேர் சொல்லாமல் பேக்கரியில் சொன்னேன், தபால் ஆபீஸில் சொன்னேன். போன இடமெல்லாம் சிரிப்பு.

அடுத்த திங்கட்கிழமை சட்டப்படி நகலைத் துடைத்து, அதே டிஸ்க்கில் வேறொருவருடைய கல்யாணப் படங்களை ஏற்றினேன்.

அதற்கடுத்த புதன்கிழமை நோலாவே கடைக்கு வந்தாள். உள்ளே ஒருவர் இருந்தார். அவர் போகும் வரை ஜன்னலில் மவுஸ் விலையைப் படிப்பதுபோல நின்றாள். அப்புறம் கதவைச் சாத்தினாள்.

"உன்கிட்டச் சொல்லலாமா?" என்றாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. கெல்வினுக்கு முன்னாடி. பதினேழு வயசுல. லான்செஸ்டன்ல, கல்யாணமாகாத பொண்ணுங்களை வெக்கற ஒரு இல்லத்துல கொண்டுபோய் விட்டாங்க. பொறந்ததும் தூக்கிட்டுப் போயிட்டாங்க, மூஞ்சியைக்கூடக் காட்டலை. தத்துக் குடுக்கற காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டாத்தான் வீட்டுக்குப் போகலாம்னாங்க. போட்டேன். கெல்வினுக்குத் தெரியாது. பசங்களுக்கும் தெரியாது."

எழுந்துபோய்க் கதவுப் பலகையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பி வைத்தேன்.

"போன அக்டோபர்ல அவ எழுதினா. கிளப்போட பக்கத்துல எங்க மெயில் அட்ரஸ் இருக்குல்ல, அதைப் புடிச்சு எழுதிட்டா. ரோவினான்னு பேரு. மெல்போர்ன் பக்கம் ஜீலாங்ல இருக்கா. ரெண்டு பசங்களாம். 'எனக்குக் கோபம் இல்லை, இந்த மூக்கு யாருதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்'னு எழுதியிருந்தா." நோலா தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். "மொத்தம் அஞ்சு லெட்டர். கெல்வின் எல்லா மெயிலையும் காலையில சத்தமாப் படிப்பாரு. நல்ல வேளை, அஞ்சும் அவர் தோட்டத்துல இருந்த நேரத்துலதான் வந்துச்சு. எதைத் திறந்தாலும் குப்பையை மட்டும் கிளற மாட்டாரு. அதான் அங்க போட்டு வெச்சேன். அவர் தோட்டத்துக்குப் போனதும் உக்காந்து படிப்பேன். பத்து மணிக்கு. தெனம்."

"பதில் போட்டீங்களா?"

"எங்க போட்டேன்? ஆரம்பிப்பேன். 'அன்புள்ள'ன்னு போட்டுட்டு, அப்புறம் என்ன பேர் போடறது? நான் மனசுல வெச்ச பேர் வேற. கை ஓடலை. பிப்ரவரியில எழுதினா, 'ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன். பதில் வரலைன்னா உங்களுக்கு இஷ்டமில்லைன்னு எடுத்துக்கறேன், தொந்தரவு பண்ண மாட்டேன்'னு. இப்ப எழுதணும் கிளெனிஸ். தைரியம் வந்துடுச்சு. ஆனா அட்ரஸ் அதுலதான் இருக்கு. காகிதத்துல எழுதி வெச்சா யார் கையிலயாவது சிக்கும்னு எழுதி வெக்கலை."

நாள்காட்டியைப் பார்த்தேன். ஈஸ்டருக்கு மூன்றரை வாரம் இருந்தது.

"நகல் ஒண்ணு வெச்சிருப்பியாமே" என்றாள். "உன் சுவத்துல எழுதியிருக்கு."

"திங்கக்கிழமை அழிச்சுட்டேன்."

விரலை மடக்கி எண்ணினாள். "முந்தாநாள்."

"ஆமா."

"போன புதன் நான் ஃபோன் பண்ணினப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இருந்துச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும்போல இருந்தது. அவள், "உனக்கு எப்படித் தெரியும், நான்தானே சொல்லலை" என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த அழுகை என் அம்மா செத்தபோதுகூட வரவில்லை.

அப்புறம் ஓடினேன் பாருங்கள், ஓட்டமான ஓட்டம். ஒரு ஸ்க்ரூவை உள்ளேயே விட்டுவிட்டேன் என்று கதை கட்டி, கெல்வினிடமிருந்து மெஷினையும் பெட்டியையும் திரும்ப வாங்கி வந்தேன். பெட்டியில் பழைய கோப்பு இருந்த இடத்தின் மேலெல்லாம் மனுஷர் பத்தே நாளில் முப்பது வருஷத்து மேட்ச் வீடியோவை ஏற்றியிருந்தார். மூன்று நாள் சுரண்டியதில் கிடைத்தவை எல்லாம் ஜோக்குகள். இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினேன். இறக்கிக்கொண்ட மெயிலை அவர்கள் வைத்திருப்பதில்லையாம். தத்துக் காகிதங்களைப் பார்க்கிற அலுவலகத்துக்கு நோலாவையே பேச வைத்தேன். படிவம் அனுப்புகிறோம், நாலைந்து மாதம் ஆகும் என்றார்கள்.

கெல்வின் மெஷினை வாங்க வந்தபோது ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்தார்.

"கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா, உன்னை மாதிரி வேலை பாக்க ஆள் இல்லைன்னு. நோலாதான் என்னமோ ஒரு மாதிரி இருக்கா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"இல்லையே."

"பொம்பளைங்க மனசு!" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். அந்த ஆப்பிளை நான் தொடவில்லை, பேக்கரிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு நாலு நாள் முன்னால், புதன். நோலா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். ராத்திரியெல்லாம் யோசித்ததில் முகவரி பாதி நினைவுக்கு வந்துவிட்டதாம். ரோவினா, ஒரு புள்ளி, அவள் குடும்பப் பேரான பியர்ட், அப்புறம் இரண்டு இலக்கம், கடைசியில் மெயில் கம்பெனியின் பேர்.

"எந்த இலக்கம்?"

"அதுதான் தெரியலை. அவ பொறந்த வருஷம் இல்ல. அது மட்டும் தெரியும். ஏன் அந்த வருஷத்தைப் போடலைன்னு நெனச்சது ஞாபகம் இருக்கு."

"நூறுதானே நோலா! பூஜ்யம் பூஜ்யத்துல ஆரம்பிச்சுத் தொண்ணூத்தொன்பது வரைக்கும் ஒவ்வொண்ணா அனுப்பறேன். இல்லாத அட்ரஸெல்லாம் திரும்பி வந்துடும். வராம இருக்கறதுல ஒண்ணு அவ. நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்க."

பதில் என் கடைக்கே வருகிற மாதிரி அவளுக்கு ஒரு புது முகவரி உண்டாக்கினேன். நாற்காலியைக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். 'ரோவினா, நான் நோலா. அந்த மூக்கு என்னுடையதுதான். நான் இங்கே இருக்கிறேன். நீ எழுது, அல்லது வா. இது உங்களுக்கு இல்லை என்றால், படிப்பவர் மன்னிக்கவும்.' அவ்வளவுதான்.

"போதுமா?" என்றாள்.

போதும். அப்படியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் என் நெஞ்சு அறுத்துக்கொண்டிருந்ததே.

"ஏன் இத்தனை நாள் எழுதலைன்னு அவ நெனப்பாளே நோலா. நடந்ததைச் சொல்லிடுங்க. லெட்டரெல்லாம் கம்ப்யூட்டர்ல தொலைஞ்சுபோச்சு, அதனால அட்ரஸ் இல்லாமப் போச்சுன்னு."

"அது எதுக்கும்மா? வேண்டாமே."

"உண்மையைச் சொல்லணும். பழி என்மேல விழட்டும்."

"அவளுக்கு நீ யாரு என்னன்னு எப்படித் தெரியும்?"

"சொல்றதைக் கேளுங்க. இந்தச் சமாசாரமெல்லாம் எனக்குத் தெரியும்."

மறுபடியும் அதே வாய். நோலா எப்போதும்போல விட்டுக்கொடுத்தாள். எழுந்து நின்றாள். அந்த வரியை நானே தட்டினேன். 'நீ எழுதியதெல்லாம் தொலைந்துபோய்விட்டது, ரிப்பேரில் நடந்த தவறு.' அவளுக்காகத்தான் எழுதினேன் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்காகத்தான் எழுதினேன். யாராவது ஒருவர் என்னை மன்னித்தால் தேவலை என்று இருந்தது.

நூறும் போனது. மாலைக்குள் தொண்ணூற்று மூன்று திரும்பி வந்தன. ஏழு வரவில்லை. நோலா ஒவ்வொரு தடவையும், "இது திரும்பி வந்தது நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். "திரும்பி வந்தா கெட்டது, வராட்டி நல்லது" என்றேன். "அப்ப ஒண்ணும் வராம இருந்தா சந்தோஷப்படணுமா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு ஒரு நாள்தான் நாங்கள் சேர்ந்து சிரித்தது.

வியாழக்கிழமை ஒரு ரோவினா, ஆள் மாறிவிட்டது, உங்கள் மகள் கிடைக்கட்டும் என்று எழுதியிருந்தாள். புண்ணியவதி. இன்னொருவன் அசிங்கமாக ஒன்று எழுதியிருந்தான். அதை நோலா கண்ணில் காட்டவே இல்லை. சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தைய நாள், கடையைப் பூட்டப்போகிற நேரத்தில் உண்மையான ரோவினாவின் கடிதம் வந்தது.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்காதவள் நான். படித்தேன்.

'நான் முதல் தடவை என் காகிதங்களைக் கேட்டபோது, வெள்ளத்தில் தொலைந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது தடவை, அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்துவிட்டது என்றார்கள். இரண்டும் பொய். பதினோரு வருஷம் கழித்து அதே காகிதங்களை அதே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தொலைந்துவிட்டது என்றால் எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு எழுத இஷ்டமில்லை, பயமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். வேறு எது சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். நீங்களும் தொலைந்துவிட்டது என்கிறீர்கள். மூக்குக்கு நன்றி. இனி எழுத வேண்டாம். ரோவினா.'

கதவைப் பூட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவளுக்கு நானே எழுதினேன். நான் கிளெனிஸ், நான்தான் அழித்தேன், உன் அம்மா அந்த வரியை வேண்டாம் என்றாள், அதை எழுதியவளும் நான், அவள் தினமும் பத்து மணிக்கு உன் கடிதங்களைப் படித்தவள், வேண்டுமானால் என் கடைக்கு வந்து என்னை அறைந்துவிட்டுப் போ, என்று பக்கம் பக்கமாக. அனுப்பிய ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது. அந்த முகவரி இப்போது இல்லை. இந்தத் தேடலுக்கென்றே தொடங்கிய முகவரியோ என்னவோ, எழுதிவிட்டு உடனே மூடியிருக்கிறாள். திங்கட்கிழமை இன்னொரு தடவை அனுப்பினேன். அதுவும் வந்தது. ஜீலாங் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த பியர்ட் வீடுகளையெல்லாம் கூப்பிட்டேன். ரோவினா என்று ஒருத்தரும் இல்லை என்றார்கள்.

நோலாவுக்கு ஃபோன் பண்ண முடியாது, கெல்வின் எடுப்பார். புதன் வரை நான் அந்தக் கடிதத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

புதன் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள். நல்ல கோட்டுப் போட்டிருந்தாள், கொஞ்சம் உதட்டுச் சாயம்கூட. என் முகத்தைப் பார்த்ததும் நேராக மேஜைக்குப் போனாள். திரையைத் திருப்பி வைத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். மெதுவாகப் படிக்கிறவள், இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"அவளுக்கு எழுத நல்லா வருது" என்றாள்.

"நோலா, அந்த வரியை நான்..."

"தெரியும்மா."

"நான் பதில் எழுதிப் பாத்தேன். போகலை. அட்ரஸையே மூடிட்டா."

தலையை ஆட்டினாள். கோட்டுப் பொத்தானைப் போட்டாள். மாற்றிப் போட்டு, அவிழ்த்து, திரும்பப் போட்டாள்.

"இதைக் காகிதத்துல எடுத்துத் தரியா?"

"இதையா? இது எதுக்கு நோலா? இதை வீட்டுல வெச்சுப் படிச்சுட்டே இருக்கப் போறீங்களா? வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"அவ எழுதினது என்கிட்ட வேற எதுவும் இல்லையே கிளெனிஸ்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.